சத்துவாச்சாரி பல்லி கேஸ்: ரெண்டு பிசிபி, ஒரு சாம்பார், ஒரு ஆயா

இந்த கேஸ் என் கைக்கு வந்ததே ஒரு ஏசி மெக்கானிக் மூலமா தான். எங்க பெஸ்ட் கண்ட்ரோல் வேலைக்கு வழக்கமா கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி, எலின்னு தான் கூப்புடுவாங்க. பல்லிக்குன்னு தனியா கூப்புடுறது கம்மி, கூப்புட்டாலும் பாதி பேர் ஃபோன்லயே "பல்லிக்கு மருந்து இல்லீங்க"ன்னு சொல்லி வெச்சிடுவாங்க. இது அப்படி வெச்சிட முடியாத கேஸ். ஒரே கோடையில ஏசி அவுட்டோர் யூனிட்டோட பிசிபி, அதாவது அதை ஓட்டுற எலக்ட்ரானிக் போர்டு, ரெண்டு தடவை போயிருக்கு, ரெண்டு தடவையும் பாக்ஸைக் கழட்டுனா உள்ள கருகிப்போன பல்லி. ரெண்டாவது பில் பத்தாயிரத்தைத் தாண்டிடுச்சு, பல்லி பூந்து போனதுக்கெல்லாம் வாரண்டி வராதுன்னு கம்பெனில கைய விரிச்சிட்டாங்க. "மூணாவது போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி பல்லிக்கு ஒரு வழி பண்ணுங்க சார்"னு மெக்கானிக்கே என் நம்பரைக் குடுத்து அனுப்பியிருக்காரு.

வீடும் ஆளுங்களும்

வேலூர் சத்துவாச்சாரில ஹவுசிங் போர்டு பக்கம், கீழ வீடு, மேல ஒரு ரூமும் மொட்டை மாடியும், கட்டி ஒரு முப்பது வருஷம் இருக்கும், பின்பக்க காம்பவுண்டைத் தாண்டினா கொஞ்ச தூரத்துல மலை ஏற ஆரம்பிச்சிடும். வேலூர் மலைங்க தான் தெரியும்ல, மரம் கம்மி பாறை ஜாஸ்தி. பகல் முழுக்க வெயில் குடிச்சிட்டு ராத்திரி பத்து மணிக்கும் அனல் விட்டுக்கிட்டு இருக்கும். நாம விசிறிக்கிட்டு தூக்கம் வராம உக்காந்திருக்குற அந்த ராத்திரி தான் பல்லிக்கு நல்ல நேரம், ஏன்னா அதோட உடம்பு வெளிச்சூட்டை வாங்கித்தான் ஓடுது, சுவரு சூடா இருந்தா ஓட்டமும் ஜோரா இருக்கும். மார்கழி தையில பனி இறங்குறப்ப கண்ணுலயே படாது, மாசி போனதும் திரும்ப கிளம்பிடும், எங்களுக்கு பல்லி கால் வர்றதும் அப்ப தான்.

வீட்டுல ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர், அவரு சம்சாரம், ராணிப்பேட்டைல வேலைக்குப் போற பையன், ஆறு மாச கர்ப்பமா இருந்த மருமக, அப்புறம் சாரோட அம்மா, அதாவது ஆயா. ஆயாவுக்குப் பொறந்த ஊர் ஆரணி பக்கம், இப்பவும் வட ஆற்காடு ஜில்லான்னு தான் சொல்லும், 1989ல பிரிச்சது 2019ல மறுபடி மூணா பிரிச்சது எதுவும் ஆயா கணக்குல கிடையாது. நான் பேக்கோட உள்ள வந்ததும் முதல் கேள்வியே ஆயா கிட்டேர்ந்து தான் வந்துச்சு. "இன்னாபா, கவுளிய கொல்ல வந்துகிறியா?"

ஒரே வீட்டுல மூணு கட்சி. சாருக்கு பிசிபி பிரச்சனை. மருமகளுக்கு பயம், பல்லி இருக்குற ரூம்ல அந்தப் பொண்ணு தூங்கவே மாட்டேங்குது, தோள்ல ஒண்ணு விழுந்ததுலேர்ந்து இன்னும் மோசம். ஆயாவுக்கு பல்லி சாமி மாதிரி, அது சொன்னா நடக்கும், அதைக் கொன்னா பாவம், அதே பல்லி தலைல விழுந்தா மட்டும் உடனே பஞ்சாங்கத்தை எடுத்து பல்லி விழும் பலன் பக்கத்தைப் பாக்கும். மருமக தோள்ல விழுந்தப்ப ஆயா போட்ட போடுல குடும்பமே காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போயி அங்க மேல இருக்குற தங்கப் பல்லி வெள்ளிப் பல்லியைத் தொட்டுட்டு வந்திருக்காங்க. அது அவங்க நம்பிக்கை, அதுல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஒரு ஆதாயம் மட்டும் சொல்லணும், கோயிலுக்குப் போயிட்டு வந்த அப்புறம் ஒரு வாரம் அந்தப் பொண்ணு நிம்மதியா தூங்குச்சாம்.

நடுவுல சாரோட சம்சாரம், அந்தம்மாவுக்கு வேற கவலை, சமையல் ரூம். ஏன்னா சாம்பார் விஷயம் நடந்து அப்ப ஒரு மாசம் கூட ஆகல.

அந்த சாம்பார்

ஒரு சாயந்திரம் இட்லிக்கு சாம்பார், சாரும் பையனும் சாப்புட்டு முடிச்சாச்சு, மூணாவதா மருமகளுக்கு ஊத்தப் போனப்ப கரண்டில செத்த பல்லி. அவ்வளவு தான். அஞ்சு பத்து நிமிஷத்துல பையனுக்கு குமட்டல், அப்புறம் வாந்தி, அதைப் பாத்து சாருக்கு தலை சுத்தல், ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி. ராத்திரி வெச்சுப் பாத்துட்டு காலைல ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. தெருவுல மட்டும் "பல்லி விஷம் ஏறிடுச்சு"ன்னு பேச்சு ரெண்டு வாரம் ஓடுச்சு.

இதை நான் கொஞ்சம் நீட்டி எழுதுறேன், ஏன்னா நம்ம ஊர்ல பல்லின்னாலே பாதி பயம் இங்க தான் இருக்கு. வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. விஷப்பல்லும் இல்ல, தோல்ல விஷமும் இல்ல, வால்லயும் இல்ல. மனுஷனைக் கொல்ற அளவுக்கு விஷம் இருக்குற பல்லி வகைங்க அமெரிக்கா மெக்சிகோ பாலைவனம் பக்கம் இருக்கு, நம்ம நாட்டுல அப்படி ஒண்ணு கூட இல்ல. ஆனா அதுக்காக "ஒண்ணும் ஆவாது, எடுத்துப் போட்டுட்டு சாப்புடு"ன்னு சொல்ற ஆளும் நான் இல்ல. பல்லியோட குடல்லயும் எச்சத்துலயும் சால்மோனெல்லான்னு ஒரு கிருமி இருக்கலாம், அது வயித்துக்குள்ள போனா பேதி, காய்ச்சல், வயித்து வலி எல்லாம் வரும், குழந்தைங்க, வயசானவங்க, கர்ப்பிணிங்களுக்கு கஷ்டம் ஜாஸ்தி. இங்க கவனிக்க வேண்டியது நேரம். அந்தக் கிருமி வேலையைக் காட்ட குறைஞ்சது 6 மணி நேரம் ஆகும், பொதுவா 12லேர்ந்து 36 மணி நேரம். பத்து நிமிஷத்துல வாந்தி வந்தா அது கிருமி இல்ல, பாத்த அருவருப்பும் பயமும். ஒருத்தர் வாந்தி எடுத்தா பக்கத்துல இருக்குறவங்களுக்கும் வர்றது மனுஷ உடம்போட சுபாவம். டாக்டர் கிட்ட போனது சரி தான், அதுல தப்பே இல்ல, ஆனா ராத்திரி ஒண்ணும் ஆகலன்னு மறுநாள் விட்டுடாம ரெண்டு மூணு நாள் பேதி காய்ச்சல் வருதான்னு பாக்கணும், யாரும் அதைச் செய்யுறதில்ல.

இன்னொண்ணு, கொதிக்கிற சாம்பார்ல விழுந்தா அந்தக் கிருமி அந்தக் கொதியிலயே செத்துடும். அப்பவும் கீழ கொட்டுங்க, யாரு அதை வாயில வெப்பாங்க. நிஜமா ஆபத்து எங்கன்னா சமைச்சு ஆறின அப்புறம் திறந்து கிடக்குற பொருள்ல. ராத்திரி முழுக்க புளிக்க வெச்ச மாவு, மூடாத சட்னி, தண்ணி சொம்பு, ஷெல்ஃப்ல நிமித்தி வெச்ச தட்டு டம்ளர், அதுல விழுற எச்சம். கருப்பா ஒரு துணுக்கு, முனையில வெள்ளையா சின்ன பொட்டு, அது தான் பல்லி எச்சம், அந்த வெள்ளை அதோட மூத்திரம் கெட்டியானது. அந்த வீட்டு தட்டு ஸ்டாண்டுக்கு மேல சுவத்துல அந்த மாதிரி வரிசையா இருந்துச்சு. சாம்பார்ல விழுந்த பல்லிக்கு ஆஸ்பத்திரி வரை போனவங்க தினமும் அந்த தட்டை எடுத்து அப்படியே சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

சரி, பல்லி ஏன் சட்டிக்குள்ள விழுது? சும்மா விழாது. கண்ணாடில கூட தலைகீழா ஓடுற ஜந்து அது. கால்ல பசையும் கிடையாது, உறிஞ்சுற கிண்ணமும் கிடையாது, விரலுக்கு அடியில லட்சக்கணக்குல நுண்ணிய முடிங்க, ஒவ்வொரு முடியும் நுனியில நூத்துக்கணக்குல பிரியும், அதெல்லாம் சுவத்தை அவ்வளவு நெருங்கி ஒட்டுறதால மூலக்கூறுங்களுக்கு நடுவுல இருக்குற சின்ன ஈர்ப்பே அதைத் தாங்கிடும். வான் டெர் வால்ஸ் விசைன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, அது தான், 2002ல அமெரிக்க ஆராய்ச்சிக்காரங்க இதை நிரூபிச்சாங்க. ஆனா சுவரு ஈரமா இருந்தா இந்தப் பிடிப்பு குறைஞ்சிடும். இப்ப அந்த வீட்டு அடுப்புக்கு மேல பாருங்க, டைல்ஸ் முழுக்க ஆவி படிஞ்ச ஈரம், அது மேல தாளிச்ச எண்ணெய்ப் பிசுக்கு, அதுக்கும் மேல ஒரு ட்யூப்லைட், லைட்டைச் சுத்திப் பூச்சி. பூச்சிக்கு வர்ற பல்லி ஈர டைல்ஸ்ல காலை வெச்சா நேரா சட்டி தான். ஆயா இதைக் கேட்டுட்டு "அப்ப அது சகுனம் இல்லியா"ன்னு கேட்டுச்சு, நான் பதில் சொல்லல.

எனக்கு முன்னாடி செஞ்ச வைத்தியம்

நான் வர்றதுக்கு முன்னாடி ஊர்ல இருக்குற அத்தனை வைத்தியமும் நடந்திருக்கு. ஜன்னல்ல முட்டை ஓடு, மயிலிறகு, பூண்டு, காபித்தூளோட மூக்குப்பொடி கலந்து உருட்டின உருண்டை, ப்ளக்ல மாட்டுற ஏதோ சத்தம் போடுற மெஷின். முட்டை ஓட்டுக்குப் பக்கத்துலயே ஒரு பல்லி உக்காந்திருந்ததை சாரே ஃபோட்டோ எடுத்து வெச்சிருந்தாரு.

ரெண்டு விஷயம் மட்டும் சிரிச்சிட்டு விட முடியாதது. ஒண்ணு அந்துருண்டை. பீரோல, லாஃப்ட்ல, பூஜை ரூம் ஷெல்ஃப்ல, பொறக்கப் போற குழந்தைக்குன்னு எடுத்து வெச்ச பழைய துணிக்குள்ள கூட போட்டிருந்தாங்க. அந்துருண்டைல இருக்குற நாப்தலின், ஜி6பிடின்னு ரத்தத்துல ஒரு என்சைம் பிறவியிலேயே கம்மியா இருக்குற குழந்தைங்களுக்கு ரத்தச் சிவப்பணுவை உடைச்சு மஞ்சக்காமாலை வரை கொண்டு போயிடும், குறைபாடு இருக்கா இல்லையான்னு குழந்தை பொறந்ததும் யாருக்கும் தெரியாது. பல்லிக்குப் பயந்து குழந்தைத் துணில அந்துருண்டை வெக்குறது பல்லியை விட மோசம். முதல் வேலையா அதை எல்லாம் பொறுக்கி எடுக்க வெச்சேன், துணியை வெயில்ல போட்டு ரெண்டு தடவை துவைக்கச் சொன்னேன், நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்.

இன்னொண்ணு எலிக்கு வெக்குற கம் அட்டை. பையன் அதை சுவத்துல ஒட்டியிருக்கான், ராத்திரி ஒரு பல்லி மாட்டி, வாலை உதறிட்டு, தோல் பிய்ஞ்சு, விடிய விடிய அப்படியே உயிரோட கிடந்திருக்கு. ஆயா காலைல பாத்துட்டு அன்னிக்கு சாப்புடவே இல்லையாம், பையன் கிட்ட ரொம்ப நாள் பேசவும் இல்ல. எனக்கும் அந்த அட்டை பிடிக்காது. எலிக்கே பிடிக்காது, பல்லிக்கு சுத்தமா வேணாம். பிடிச்சு என்ன ஆகப் போகுது, லைட்டும் பூச்சியும் அங்கயே இருந்தா அந்த எடத்துக்கு அடுத்த பல்லி வரும். நல்ல எடத்தை ஒரு பெரிய ஆண் பல்லி பிடிச்சு வெச்சிருக்கும், வேற ஆம்பளைய அண்ட விடாது, சிக் சிக்னு கத்துறதுல பாதி அந்தச் சண்டை தான், அதைக் கொன்னா வெளிய காத்துக்கிட்டு இருந்தது உள்ள வந்துடும்.

வேற ஒரு கம்பெனி ஆறு மாச கேரண்டியோட பல்லி ட்ரீட்மென்ட் ரேட் குடுத்திருந்தாங்க. அது என்னன்னு எனக்குத் தெரியும், கரப்பானுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை சுவரு முழுக்க அடிப்பாங்க. பூச்சி போகும், பல்லியும் கொஞ்ச நாளைக்குக் காணாம போகும், சிலது மருந்து பட்டு சந்துக்குள்ள செத்து நாறும், மழை வந்து ஈசல் கிளம்பினா பழைய கதை. கர்ப்பமா ஒரு பொண்ணு இருக்குற வீட்டுல சுவரு முழுக்க மருந்து அடிக்க எனக்கு மனசு வரல, அடிக்கவும் மாட்டேன்னு சார் கிட்ட நேராவே சொல்லிட்டேன்.

ராத்திரி போய்ப் பாத்தது

பல்லி கேஸ்ல பகல்ல போய்ப் பாத்தா பாதி தான் தெரியும். ஏழு மணிக்கு மேல லைட் எல்லாம் போட்டு, டார்ச்சோட வீட்டை உள்ளயும் வெளியவும் சுத்தணும். சுத்தினதுல முக்கால்வாசி பல்லிங்க ஒரே ஒரு வகை, அந்த சிக் சிக் கத்துறது, வால்ல முள்ளு முள்ளா வளையம் இருக்கும், கப்பல் சரக்குல ஏறி உலகம் பூரா பரவின ஆளு அது. வெளி சுவத்துல புள்ளி போட்ட பழுப்புப் பல்லி சிலது. வாசல் வேப்ப மரத்துல பெரிய மரப்பல்லி ஒண்ணு, அதைத் தான் மருமக "முதலைக்குட்டி"ன்னு சொல்லியிருக்கு, அது சாது.

இங்க ஒரு சின்ன விஷயம், கேஸுக்கு சம்பந்தம் இல்ல, ஆனா வேலூர்க்காரங்களுக்குத் தெரியணும். நம்ம கோட்டைலேர்ந்தே ஒரு பல்லி இனத்தை உலகத்துக்கு முதன்முதலா எழுதியிருக்காங்க, நேமாஸ்பிஸ் ஓட்டாய்னு பேரு, 2000ல இந்திரனீல் தாஸும் ஆரன் பாயரும் சேர்ந்து விவரிச்சது, ஜப்பான் ஆராய்ச்சியாளர் ஹிதெதோஷி ஓட்டாவோட பேரை வெச்சாங்க. சின்னப் பல்லி, பகல்ல சுத்தும், கண்ணுல நம்மள மாதிரி வட்டப் பாப்பா, விரல்ல அகலப் பட்டை இல்ல, பாறை தான் வீடு. கோட்டையைப் பாக்க வர்றவங்க அகழியையும் ஜலகண்டேஸ்வரரையும் பாத்துட்டு இதைப் பாக்காம போயிடுறாங்க. மலையடிவார வீட்டுக்காரங்க பகல்ல காம்பவுண்டு கல்லு மேல குட்டியா ஒண்ணு ஓடினா விளக்குமாத்தைத் தூக்காதீங்க, அது இந்தச் சுத்துவட்டாரத்தை விட்டா வேற எங்கயும் போக வழியில்லாத ஜந்துவா கூட இருக்கலாம்.

சரி வீட்டுக்கு வருவோம். முக்கியமா அகப்பட்டது லைட். போர்ட்டிகோல வாசக்கதவுக்கு நேர் மேல கண்ணு கூசுற வெள்ளை எல்ஈடி ட்யூப், சமையல் ரூம் ஜன்னலுக்கு வெளிய இன்னொண்ணு, ரெண்டும் விடிய விடிய எரியுது, திருட்டு பயம். பின்னாடி மலை, எதிர்ல காலி மனை, அந்த ஏரியா பூச்சி மொத்தமும் இந்த ரெண்டு ட்யூபுக்குத் தான் வருது. பூச்சிக்குப் பின்னாடி பல்லி, அது லைட்டைச் சுத்தித் தின்னுட்டு பகல்ல தங்க பக்கத்துல சந்து தேடும். சந்து தயாரா இருந்துச்சு: ஏசி காப்பர் பைப் போற ஓட்டை. ரெண்டரை இஞ்சுக்கு ட்ரில் போட்டு பைப்பை விட்டு மீதி எடத்துல பேப்பரைச் சுருட்டி அடைச்சு விட்டிருக்காங்க, அந்தப் பேப்பர் எப்பவோ உதிர்ந்து போச்சு, அது வழியா நேரா பெட்ரூம். சமையல் ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வலை இல்ல. சுவிட்ச் போர்டுல காலியா ரெண்டு ஓட்டை. மாடிக் கதவுக்கு அடியில ஒரு விரல் உள்ள போற கேப்.

அவுட்டோர் யூனிட் மாட்டியிருந்தது சமையல் ரூம் ட்யூபுக்கு சரியா ரெண்டு அடி தள்ளி. ராத்திரி ஏசி ஓடி பிசிபி பாக்ஸ் வெதுவெதுன்னு இருக்கும், உள்ள எறும்பும் சின்னப் பூச்சியும், ஒயர் நுழையுற எடத்துல ரப்பர் கழண்டு கிடந்துச்சு. பல்லி அது வழியா உள்ள பூந்து ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல உடம்பை வெச்சா அதோட ஈர உடம்பு வழியா கரண்ட் பாயும், பல்லியும் போச்சு போர்டும் போச்சு. செத்த பல்லிக்கு எறும்பு வரும், எறும்புக்கு அடுத்த பல்லி. ரெண்டாவது போர்டு போனது இப்படித் தான்னு நான் நினைக்கிறேன், முதல் தடவை மாத்தினவரு பழைய பல்லியைக் கூட முழுசா சுத்தம் பண்ணாம மூடியிருக்காரு.

லாஃப்ட்ல அட்டைப் பெட்டிங்களுக்குப் பின்னாடி முட்டை. வெள்ளையா, கெட்டி ஓடு, ரெண்டு ரெண்டா, கூடவே பழைய ஓடுங்க நிறைய. ஒரு பல்லி ஒரு தடவைக்கு ரெண்டு முட்டை தான் போடும், ஆனா நல்ல எடம்னா நாலஞ்சு பல்லிங்க அதே மூலைல வருஷக்கணக்கா போடும். பொரிக்க ஒன்றரை ரெண்டு மாசம், வெயில் காலத்துல கொஞ்சம் சீக்கிரம். சில பல்லிங்களுக்கு கழுத்தோரம் ரெண்டு பக்கமும் வெள்ளையா வீங்கியிருக்கும், மருமக அதை நோய்னு நினைச்சிருக்கு, நோய் இல்ல, முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை அங்க சேத்து வெச்சிருக்கும்.

பாத்ரூம்ல அரணை ஒண்ணும் அடிக்கடி வருதுன்னு சொன்னாங்க, அதுக்கும் பயம், அரணை கடிச்சா மரணம்னு. அதுக்கும் விஷம் கிடையாது, மழைக்கும் சூட்டுக்கும் ஈரம் தேடி வரும், மக்கைக் கவுத்து அட்டையைச் செருவி வெளிய விட்டா போதும். ஆனா பக்கத்து வீட்டுல "கட்டுவிரியன்"னு ஒண்ணை அடிச்சு ஃபோட்டோ வெச்சிருந்தாங்க, எனக்கு அது வெள்ளிக்கோல் வரையன் மாதிரி தான் தெரிஞ்சுது. விஷமில்லாத பாம்பு, சுவரு ஏறும், அதுக்கு இஷ்டமான சாப்பாடே பல்லி. பல்லி ஜாஸ்தியான வீட்டுக்கு அது வர்றதுல ஆச்சரியம் இல்ல. ஆனா ரெண்டையும் ராத்திரில பிரிச்சுப் பாக்குற அளவுக்கு யாருக்கும் கண்ணு பழகியிருக்காது, அதனால பாம்புன்னா தள்ளி நின்னு பாம்பு புடிக்கிறவங்களையோ ஃபயர் சர்வீஸையோ கூப்புடுங்க, நீங்களே கிட்ட போய்ப் பாக்காதீங்க.

செஞ்சது

முதல்ல லைட். வாசல் ட்யூபைக் கழட்டிட்டு மஞ்ச வெளிச்ச எல்ஈடி பல்பு போட வெச்சேன், பூச்சிக்கு நீலமும் புற ஊதாவும் கலந்த வெள்ளை வெளிச்சம் தான் இழுப்பு, மஞ்சளுக்கு கம்மியா வரும். சமையல் ரூம் வெளி ட்யூபை ஒரேயடியா எடுத்தாச்சு. சாருக்கு திருட்டு பயம் போகணும்ல, அதுக்காக அந்த வெள்ளை ட்யூபையே காம்பவுண்டு கேட்டோட கடைசி மூலைல, வீட்டு சுவத்தை விட்டுத் தள்ளி மாட்டினோம். பூச்சி அங்க போகட்டும், பல்லியும் அங்க போகட்டும். சார் முதல்ல ஒத்துக்கல, "பல்லியை ஒழிக்கச் சொன்னா அதுக்கு தனியா ஹோட்டல் போட்டுக் குடுக்குறீங்களே"ன்னாரு. நான் இல்லைன்னு சொல்லல.

அப்புறம் ஓட்டைங்க. பைப் ஓட்டைக்கு உள்ள வெளிய ரெண்டு பக்கமும் வொயிட் சிமெண்ட், மேல சிலிகான். எக்ஸாஸ்டுக்கு ஷட்டரும் பின்னாடி வலையும். ஜன்னலுக்கு வெல்க்ரோ கொசு வலை. சுவிட்ச் போர்டு காலி ஓட்டைக்கு டம்மி ப்ளேட். அடைக்கிறது சாயந்திரம் பல்லிங்க வெளிய போன அப்புறம் தான், பகல்ல அடைச்சா உள்ள சிக்கினது உள்ளயே செத்து நாறும், இதைச் சொல்லாம வேலை செய்யுற கொத்தனாருங்க நிறைய.

அவுட்டோர் யூனிட் வேலையை அதே மெக்கானிக் தான் செஞ்சாரு, மெயின் ஆஃப் பண்ணிட்டு. பிசிபி பாக்ஸ் ஒயர் நுழையுற எடத்துல புது ரப்பர், காத்து போற சின்ன ஓட்டைங்களுக்கு நைஸ் கம்பி வலை, போர்டு மேல கோட்டிங். கன்டென்சர் பக்கம், அதாவது சூட்டை வெளிய தள்ளுற பக்கம், வலை கட்டச் சொல்லி பையன் கேட்டான், அது கூடாது, காத்து தடைப்பட்டா வேலூர் மே மாசத்துல கம்ப்ரஸரே போயிடும்.

சமையல் ரூம்ல நான் செய்ய வேண்டியது ஒண்ணும் இல்ல, அந்தம்மா செய்ய வேண்டியது தான் எல்லாம். மூடி. மாவுக்கு, சட்னிக்கு, தண்ணிக்கு, எல்லாத்துக்கும் மூடி. தட்டு டம்ளரைக் கவுத்து வெக்கணும், எடுக்குறப்ப ஒரு அலசு. அடுப்புக்கு மேல டைல்ஸை ராத்திரி துடைக்கணும். சிந்தின சக்கரை, உரிச்ச வாழைப்பழம் வெளிய கிடக்கக் கூடாது, பல்லி பூச்சி மட்டும் திங்காது, இனிப்பையும் நக்கும். கோடையில சிங்க்ல சொட்டுற தண்ணிக்கும் வரும், அந்தக் குழாய்க்கு வாஷர் மாத்தினா ஐஞ்சு ரூபா. எச்சத்தை காய வெச்சு சுரண்டாம ஈரத்துணில துடைச்சு கைய சோப்பு போட்டுக் கழுவணும், கர்ப்பமா இருக்குற பொண்ணு அதைச் செய்ய வேணாம். கரப்பானுக்கு மட்டும் சிங்க்குக்கு அடியில, கேஸ் ஸ்டாண்டு மூலைல ஜெல் வெச்சேன். என் பில்லுல மருந்துன்னு இருந்தது அந்த ஜெல் ஒண்ணு தான்.

முட்டைக்கு பெரிய பஞ்சாயத்து. மருமக தூக்கிப் போடச் சொல்லுது, ஆயா லாஃப்ட் ஏணிக்கு முன்னாடி நின்னுக்கிச்சு. கடைசியில அந்தப் பெட்டியையே புரட்டாம ஆட்டாம அப்படியே தூக்கி பின்னாடி விறகு ஷெட்டுக்குள்ள வெச்சோம், முட்டைக்குள்ள கரு ஒரு பக்கமா ஒட்டியிருக்கும், புரட்டினா செத்துடும். மீதி அட்டைப் பெட்டி எல்லாம் காயலான் கடைக்கு.

மருமக கிட்ட தனியா கொஞ்ச நேரம் பேசினேன். வால் அறுந்து துடிச்சதை அந்தப் பொண்ணு பாத்திருக்கு, அது தான் கண்ணுக்குள்ளயே நிக்குதுன்னுச்சு. அதைச் சொன்னேன், யாரும் வெட்டினதில்லமா, அதுவே தான் உதறுது, வால் எலும்புல உடையுறதுக்குன்னே கோடு இருக்கு, துடிக்கிற வாலை பூனை பாத்துக்கிட்டு இருக்குறப்ப பல்லி ஓடிடும், திரும்ப வால் முளைக்கும், உள்ள எலும்புக்குப் பதிலா குருத்தெலும்பு இருக்கும். கேட்டுச்சு, தலையாட்டுச்சு. பயம் போச்சான்னா போகல. விஷம் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டா பயம் போயிடும்னு நினைக்கிறவங்க பல்லிக்கு பயந்த ஆளோட வாழ்ந்ததில்ல. அந்தப் பொண்ணுக்கு உதவினது என் பேச்சு இல்ல, பெட்ரூம் ஜன்னல் வலையும் அடைச்ச ஓட்டையும் தான்.

அப்புறம்

ஒரு ரெண்டு வாரத்துல கேட்டு மூலை லைட்டுல பல்லி கூட்டம் சேர்ந்துடுச்சு, சார் வாட்ஸப்புல படம் அனுப்பினாரு. சமையல் ரூம்ல புது எச்சம் அபூர்வமா தான், பெட்ரூம்ல இல்ல. அடுத்த கோடை முழுக்க ஏசி ஓடுச்சு, போர்டு போகல. போர்ட்டிகோல ரெண்டு மூணு நிரந்தரமா உண்டு, பூஜை ரூம்ல முருகர் படத்துக்குப் பின்னாடி ஒண்ணு உண்டு, அதை வெளிய விட ஆயா ஒத்துக்கல, மருமக அந்த ரூமுக்குள்ள லைட்டைப் போட்டு ஒரு தடவை கைத்தட்டிட்டு தான் போகுது. குழந்தை நல்லபடியா பொறந்தாச்சு, தொட்டிலுக்கு மேல கொசு வலை.

கொசுன்னு சொன்னதும் சாரோட ஒரு வாதம் ஞாபகம் வருது, பல்லியை வெளிய அனுப்பிட்டா டெங்கு வராதான்னு கேட்டாரு. பல்லி கொசு திங்கும், ஆனா அதை நம்பி இருக்க முடியாது. டெங்கு கொசு பகல்ல கடிக்குது, வீட்டுப் பல்லி ராத்திரில வேலை செய்யுது. அதுக்கு மொட்டை மாடில கிடந்த பழைய டயரையும் திறந்த சின்டெக்ஸையும் பாத்திருந்தா போதும், அதையும் அன்னிக்கே காட்டிட்டு வந்தேன்.

முடியாம நிக்குறது மாடிக் கதவு. அடியில இருக்குற கேப்புக்கு ரப்பர் பட்டி அடிக்கச் சொல்லியிருந்தேன், மரக்கதவு மழையில ஊதிக்கும்னு சார் தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றாரு. இப்ப உள்ள வர்ற ஒண்ணு ரெண்டும் அது வழியா தான் வருது. ஆடி காத்துக்கு முன்னாடி ஆசாரியைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு, டயரை மட்டும் எடுத்துட்டாரு.